கல்லுக்குப் பட்டம் கிடைத்தது; மனிதனுக்குப் பட்டா எங்கே?

செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பட்டம் கிடைத்துவிட்டது. 2025 ஜூலை 11-ந் தேதி பாரிஸ் நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியர்களின் இராணுவக் கோட்டைகள் என்ற வரிசையில் 12 கோட்டைகளைத் தன் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை. தமிழ்நாட்டில் இருக்கும் ஒரே கோட்டை நமது செஞ்சி.

சந்தோஷமான செய்திதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் வளைத்துக் கட்டிய அந்த மதிலைப் பார்த்து வியக்காதவர் யார்? 1677-ல் சிவாஜி இதைக் கைப்பற்றினார். 1690-ல் முற்றுகையிட்ட முகலாயப் படை 1698-ல்தான் உள்ளே நுழைந்தது. 1714-ல் தேசிங்கு ராஜன் இந்த மண்ணில் போரிட்டு மாண்டான். 1750-ல் பிரெஞ்சுக்காரன் வந்தான். 1761-ல் இங்கிலீஷ் கம்பெனி வந்தது. ராஜாக்கள் வந்தார்கள், போனார்கள். அந்தப் பாறைகளை மலைமேல் ஏற்றிய கூலிக்காரன் பெயர்தான் யாருக்கும் தெரியாது. சரித்திரத்தின் வழக்கம் அது.

கோட்டையைப் பாதுகாக்க வேண்டும். அதில் நமக்கு அபிப்பிராய பேதம் கிடையாது. ஆனால் ஒரு கேள்வி நம் மனத்தை உறுத்துகிறது. இந்தக் குன்றுகளைச் சுற்றி, ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும், ஊருக்கும் வெளியே, சேரிக்கும் வெளியே ஒரு ஜனம் வாழ்கிறது. அவர்கள் இருளர். அவர்களுக்கும் ஒரு பாரம்பரியம் உண்டு. அதற்குப் பட்டயம் கொடுக்க யாரும் பாரிசில் கூட வேண்டியதில்லை. தாலுகா ஆபீசிலிருந்து ஒரு வீட்டுமனைப் பட்டா, கோட்டாட்சியர் ஆபீசிலிருந்து ஒரு பழங்குடிச் சான்றிதழ், இரண்டு காகிதங்கள் போதும். அந்த இரண்டு காகிதங்களுக்கு ஏன் இத்தனை தலைமுறை?

வெள்ளைக்காரன் எழுதிய சாட்சி

"இவர்கள் இருளர்தானா என்று எப்படித் தெரியும்?" என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். பதில் அவர்களுடைய அலமாரியிலேயே இருக்கிறது.

1906-ல் டபிள்யூ. பிரான்சிஸ் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தென்னாற்காடு ஜில்லாவின் கெஜட்டியரைத் தொகுத்தார். இந்த ஜில்லாவின் இருளர்கள் முக்கியமாகச் செஞ்சி மலைகளைச் சுற்றித்தான் காணப்படுகிறார்கள் என்று அதில் பதிவு செய்திருக்கிறார். அவர்களுடைய குடிசைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார்: வயல்களுக்கு நடுவே, ஓரிடத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் இல்லாமல், தவழ்ந்து நுழைய வேண்டிய தாழ்வான வாசலோடு, வட்டமான கூரைக் குடிசைகள். பயிருக்குக் காவல் இருப்பதும் கிணற்றில் நீர் இறைப்பதும் அவர்களுடைய பிழைப்பு. இந்தச் செய்திகள் 1909-ல் எட்கர் தர்ஸ்டன் ஏழு பாகங்களாக வெளியிட்ட தென்னிந்திய ஜாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலிலும் இடம் பெற்றன. செங்கற்பட்டு, வடாற்காடு, தென்னாற்காடு ஜில்லாக்களின் இருளர்களுக்கு அந்த நூலில் தனிப் பகுதியே உண்டு. வில்லியர் என்பதும் இருளர்தான் என்பதை அந்தப் பகுதி தெளிவாகச் சொல்கிறது.

நூறு வருஷங்களுக்கு முன்பே சர்க்கார் அச்சகத்தில் அச்சேறிய உண்மை இது. ஆனாலும் இன்று ஒரு குடும்பம் தங்களை ஊரார் "வில்லி" என்றோ "வேட்டைக்காரர்" என்றோ அழைப்பதாகச் சொல்லிவிட்டால், "அப்படியானால் நீ இருளர் இல்லையே!" என்று சந்தேகம் கிளப்பப்படுகிறது.

அதே கெஜட்டியர் இன்னொன்றும் எழுதிவைத்தது. காலம் கெட்டுப்போனால் இவர்கள் சில்லறைக் குற்றங்கள் செய்து பிழைப்பார்கள் என்றது. பசித்தவனைத் திருடன் என்று எழுதுவது ஏகாதிபத்தியப் பேனாவின் புத்தி. அந்த ஏகாதிபத்தியம் 1947-ல் போய்விட்டது. அந்தப் பேனாவின் புத்தி போயிற்றா? செஞ்சியின் இருளர் யார் என்ற பக்கத்தை ரெவின்யூ இலாகா மறந்துவிட்டது. இருளர் திருடர் என்ற வரியைப் போலீஸ் இலாகா நெட்டுருப் போட்டு வைத்திருக்கிறது. எங்கே களவு போனாலும் முதலில் இருளர் குடிசையின் படல் தள்ளப்படுகிறது. 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே திருட்டு வழக்கு விசாரணை என்று வந்த போலீசார், நான்கு இருளர் பெண்களை இரவில் கொண்டுபோய்ப் பலாத்காரம் செய்தார்கள் என்ற புகார் தமிழ்நாட்டையே உலுக்கியது. அதுவும் இதே விழுப்புரம் மாவட்டமாக அன்று இருந்த பகுதிதான். சான்றிதழ் கேட்கும்போது "நீ இருளர் இல்லை" என்பதும், களவு போனால் "நீ இருளர், நீதான் எடுத்திருப்பாய்" என்பதும் ஒரே ராஜாங்கத்தின் இரண்டு வாய்கள்.

ஏழு கன்னிமாரும் எலி வளையும்

இருளர் கலாச்சாரம் என்றால் என்ன? மேடையில் நாலு பேரை இலை தழை கட்டி ஆடவைப்பதா? இல்லை. அது ஒரு முழு வாழ்க்கை முறை.

அவர்களுடைய தெய்வம் கன்னியம்மா. ஏழு கன்னிமார். கோபுரமில்லை, கொடிமரமில்லை. ஒரு மண் அகல் விளக்குதான் தெய்வம். அந்த விளக்கைச் செய்யும் குயவர் மண்ணைக் காலால் மிதிக்கக்கூடாது, கையால்தான் பிசைய வேண்டும் என்பது இந்தப் பகுதி இருளர்களின் கட்டுப்பாடாக இருந்தது என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. குழந்தைகளுக்கு முடி எடுக்கும்போது தாய்மாமன் முதல் கற்றையை வெட்டுவார். கல்யாணத்தில் குலத்தின் மூத்தவர் தெய்வத்தின் முன்னால் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையும் பெண்ணுக்குச் சேலையும் கொடுத்தால் முடிந்தது காரியம். மந்திரம் சொல்ல ஆள் வேண்டியதில்லை. முகூர்த்தம் பார்க்கப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை.

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். விழுப்புரம், செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களிலிருந்து இருளர் குடும்பங்கள் சட்டி பானையோடு வந்து மணலில் கூடாரம் போட்டுத் தங்குகிறார்கள். மணலைக் குவித்துப் படி கட்டி, சேலையால் மறைப்புக் கட்டி, விடியற்காலையில் கடலைப் பார்த்துக் கன்னியம்மாவை அழைக்கிறார்கள். அங்கேயே பெண் பார்க்கிறார்கள், அங்கேயே தாலி கட்டுகிறார்கள், அங்கேயே குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். பொழுது ஏறியதும் அலை வந்து கோயிலைக் கரைத்துவிடுகிறது. கோயில் சொத்தும் கிடையாது, கோயில் வழக்கும் கிடையாது!

அவர்களுடைய அறிவு வேறு விதம். வரப்பில் நடந்துகொண்டே எந்த வளையில் எலி இருக்கிறது, எது வெறும் வளை என்று சொல்லிவிடுவார்கள். ஒரு வாயை அடைத்து, மறுவாயில் புகை போட்டு, எலியைப் பிடித்து, அது சேர்த்து வைத்திருக்கும் நெல்லையும் தோண்டி எடுப்பார்கள். மிராசுதாரின் விளைச்சலைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். கூலியாகக் கிடைத்தது எலி திருடிய நெல். மழை விட்ட இரவில் ஈசல் எந்தப் புற்றிலிருந்து புறப்படும், எந்த வேர் விஷக்கடிக்கு ஆகும், மண்ணில் கிடக்கும் தாரை நல்ல பாம்பினுடையதா சாரையினுடையதா என்பதெல்லாம் தாய் மகளுக்கும் தகப்பன் மகனுக்கும் காட்டில் நடந்துகொண்டே சொல்லிக் கொடுத்த பாடங்கள்.

இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டிடம் வேண்டாம். ஆனால் காடு வேண்டும். அந்தக் காட்டைப் பூட்டியது யார்?

காட்டைப் பூட்டிய சாவி

1882-ல் வெள்ளைக்கார சர்க்கார் சென்னை வனச் சட்டம் கொண்டுவந்தது. பக்கமலை முதலான செஞ்சி வட்டாரத்து மலைகள் காப்புக்காடுகள் ஆயின. தேன் எடுத்தவர் திருடரானார். விறகு பொறுக்கியவர் குற்றவாளியானார். 1972-ல் சுதந்திர இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பாம்புத் தோல் வியாபாரம் தடை செய்யப்பட்டது. காட்டு ஜீவன்களைக் காப்பது நல்ல காரியம். நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் தோலை ஏற்றுமதி செய்து கொழுத்த வியாபாரி வேறு தொழிலுக்குப் போய்விட்டான். பாம்பைப் பிடித்த இருளருக்கு சர்க்கார் என்ன தொழில் கொடுத்தது?

ஒரே ஓர் இடத்தில் வழி பிறந்தது. 1978-ல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை எடுத்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் விஷமும் அங்கே எடுக்கப்படுகிறது. இந்தியாவில் பாம்புக்கடி மருந்துக்குப் போகும் விஷத்தில் பெரும்பகுதி அந்தச் சங்கத்திலிருந்து போகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர் பாம்பு பிடிப்பவர்களுக்குப் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். மகிழ்ச்சி! ஆனால் அந்தச் சங்கத்தில் இருப்பவர்கள் சில நூறு பேர். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் இருளர்கள் ஏறத்தாழ 1,90,000 பேர். மற்றவர்கள் எங்கே போனார்கள்?

செங்கல் சூளைக்குப் போனார்கள். அரிசி ஆலையின் நெல் களத்துக்குப் போனார்கள். சவுக்கு வெட்டவும் கரி மூட்டம் போடவும் போனார்கள். போவதற்கு முன்னால் கையில் ஒரு முன்பணம் வாங்கினார்கள். கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய பணம் அது. கணக்கு முதலாளியின் நோட்டில் இருக்கிறது. படிக்கத் தெரியாதவருக்கு அந்த நோட்டே விலங்கு. எத்தனை வருஷம் உழைத்தாலும் கடன் குறையாத அதிசயக் கணிதம் அந்த நோட்டில் உண்டு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. ஆனால் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 கொத்தடிமைகளை அதிகாரிகள் மீட்டார்கள். அத்தனை பேரும் இருளர். அவர்களில் ஒரு முதியவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்து கும்பிட்ட படம் பத்திரிகைகளில் வந்தது. சட்டம் வந்து 43 வருஷங்களுக்குப் பிறகு ஒரு பிரஜை தன் சுதந்திரத்துக்காகக் காலில் விழுந்தார். அந்தப் படத்தைப் பார்த்து வெட்கப்பட வேண்டியவர் விழுந்தவர் அல்ல.

மீட்டார்கள், பிறகு? 2016-ல் மத்திய சர்க்கார் வகுத்த திட்டத்தில் மீட்கப்பட்ட ஆணுக்கு ஒரு லட்சமும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சமும் என்று புனர்வாழ்வுத் தொகை குறிக்கப்பட்டது. முழுத் தொகையையும் முதலாளி கோர்ட்டில் தண்டிக்கப்படுவதோடு முடிச்சுப் போட்டார்கள். வழக்கு இழுத்துக்கொண்டே போனால்? வயிறு காத்திருக்குமா? முதலில் கொடுத்த சொற்பப் பணம் கரைந்ததும், பழைய இடத்துக்கோ புதிய சூளைக்கோ புதிய முன்பணத்தோடு போவதைத் தவிர வேறு வழி இல்லாமல் செய்துவிடுகிறார்கள்.

கலாச்சாரப் பரீட்சை

இனி சான்றிதழ் சங்கதிக்கு வருவோம். ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது.

செஞ்சி தாலுகாவில் மற்ற ஜாதியாருக்குச் சான்றிதழ் கொடுப்பவர் தாசில்தார். அவர் செஞ்சியிலேயே இருக்கிறார். பழங்குடியாருக்கு மட்டும், 1989 நவம்பர் உத்தரவு தொட்டு, கோட்டாட்சியர் அல்லது சப் கலெக்டர்தான் கொடுக்க வேண்டும். செஞ்சி தாலுகா திண்டிவனம் கோட்டத்தைச் சேர்ந்தது. எல்லோரிலும் ஏழையாக இருப்பவர்தான் எல்லோரையும்விடத் தூரம் போக வேண்டும்! ஒரு நாள் பஸ் செலவு, ஒரு நாள் கூலி நஷ்டம். "இன்று அதிகாரி இல்லை, நாளை வா" என்றால் மறுபடியும் அதே செலவு, அதே நஷ்டம். இப்போது மனுவை இணையத்தில் போடலாம் என்கிறார்கள். மனு கம்பியில்லாமல் பறக்கும். விசாரணை மாட்டு வண்டியில்தான் வரும்.

விசாரணையில் என்ன கேட்கிறார்கள்? அப்பா சான்றிதழ் எங்கே, தாத்தா பள்ளிக்கூட ரிக்கார்டு எங்கே என்கிறார்கள். தாத்தா பள்ளிக்கூட வாசலை மிதித்திருந்தால் பேரன் ஏன் சூளையில் கல் அறுக்கிறான்? காகிதம் இல்லை என்றால் அடுத்து கலாச்சாரப் பரீட்சை. பாம்பு பிடிப்பாயா? எலி தின்பாயா? உன் குலதெய்வம் எது? உன் பாஷையில் பேசிக் காட்டு! தமிழ்நாடு முழுவதும் பழங்குடிச் சான்று கேட்டுப் போனவர்கள் இப்படிப்பட்ட கேள்விகளைச் சந்தித்து வருகிறார்கள்.

இதன் அநியாயத்தைக் கவனியுங்கள். பாம்பைத் தொட்டால் ஜெயில் என்பது சட்டம். பாம்பு பிடிக்கத் தெரியாவிட்டால் சான்றிதழ் இல்லை என்பது விசாரணை. காட்டுக்குள் போகாதே என்று விரட்டியது வன இலாகா. காட்டுப் பழக்கம் உன்னிடம் இல்லையே என்று மனுவைத் தள்ளுவது ரெவின்யூ இலாகா. ஒருவனின் வீட்டை இடித்துவிட்டு, "உனக்கு வீடு இருந்ததற்கு அடையாளமே இல்லையே" என்று கேட்பதற்குப் பெயர் விசாரணையா?

சுப்ரீம் கோர்ட்டே இந்தப் பரீட்சையை முடிவான உரைகல்லாக ஏற்கவில்லை. 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் போலிகளைத் தடுக்கப் பழக்கவழக்க ஒப்புமைச் சோதனையை அந்தக் கோர்ட்தான் வகுத்தது. பிறகு 2011-ல் அதே கோர்ட், இடம் பெயர்வாலும் நவீன வாழ்க்கையாலும் மற்றவர்களோடு பழகுவதாலும் பழங்குடிகளின் பழக்கங்கள் மாறக்கூடும் என்று சொல்லியது. 2023 மார்ச் 24-ந் தேதி மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சு, இந்தச் சோதனை மட்டுமே ஒருவருடைய இனத்தைத் தீர்மானித்துவிடாது என்று தெளிவாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பு டில்லியில் இருக்கிறது. திண்டிவனத்துக்கும் திருவண்ணாமலைக்கும் அது வந்து சேர எத்தனை வருஷம் ஆகும் என்று நாம் கேட்கிறோம்.

இது உயிர் போகும் விவகாரம் என்பதை மறந்துவிடாதீர்கள். 2022 அக்டோபரில் காஞ்சிபுரம் பகுதியைச் சேர்ந்த மலைக்குறவர் ஒருவர், தம் பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைக்கவில்லை என்று சென்னை ஹைகோர்ட் வளாகத்திலேயே தீக்குளித்து உயிர் விட்டார். நீதியின் வாசலில் ஒரு தகப்பன் எரிந்த பிறகும், ஒரு காகிதம்தானே என்று சொல்பவர்களுக்கு என்ன இதயம் இருக்கும்?

எதிர்வாதிகளுக்குப் பதில்

முதல் வாதம்: "தாராளமாகக் கொடுத்தால் போலிகள் புகுந்துவிடுவார்கள்."

போலிகள் இருக்கிறார்கள் என்பது உண்மை. பழங்குடிச் சான்றிதழைத் திருடி உத்தியோகத்தில் உட்கார்ந்தவர்களால் கொள்ளை போனது பழங்குடியாரின் பங்குதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், கலாச்சாரப் பரீட்சையில் போலி தோற்பானா? தர்ஸ்டன் புத்தகத்தை வாங்கி ராத்திரி முழுக்கப் படித்துவிட்டு, ஏழு கன்னிமார் பெயரையும் ஒப்பித்துவிட்டுப் போய்விடுவான். சூளையில் பிறந்து, மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த நிஜமான இருளர் குழந்தைதான் விழிக்கும். திருடனைப் பிடிக்கப் போட்ட வலையில் வீட்டுக்காரன் சிக்குகிறான். போலியைக் கண்டுபிடிக்க எளிய வழி, அவன் குடியிருப்புக்குப் போய் உறவுமுறையை விசாரிப்பது. செஞ்சியைச் சுற்றியுள்ள எந்தக் கிராமத்திலும் யார் இருளர் என்று ஊருக்குத் தெரியும். தண்ணீர் தர மறுத்தவருக்குத் தெரிந்தது, சான்றிதழ் தருபவருக்கு மட்டும் தெரியாதா?

இரண்டாவது வாதம்: "அவர்கள் நாடோடிகள். பட்டா கொடுத்தாலும் ஓரிடத்தில் இருக்கமாட்டார்கள்."

காரணத்தையும் காரியத்தையும் தலைகீழாக நிறுத்தும் வாதம் இது. சொந்த மனை இல்லாததால் அலைகிறார்கள். அலைவதால் மனை இல்லை என்கிறீர்கள். குடிசை போட்ட இடம் ஏரிப் புறம்போக்கு என்று விரட்டினால், அடுத்த ஏரிக்கரைக்குப் போகாமல் ஆகாயத்திலா தொங்குவார்கள்? முன்பணம் கொடுத்த முதலாளி ஆறு மாதம் சூளையில் அடைத்து வைத்தால், அது நாடோடி வாழ்க்கையா, நாடு கடத்தலா?

மூன்றாவது வாதம்: "சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லாதீர்கள்."

சொல்லவில்லை. 2021 நவம்பரில் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிக்கு முதலமைச்சரே நேரில் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் ஜாதிச் சான்றிதழும் கொடுத்தார். இருளர் வாழ்க்கையைக் காட்டிய "ஜெய் பீம்" படம் வெளியாகி ஊரெல்லாம் பேசிய நேரம் அது. நல்ல காரியம் என்று அன்றே எல்லோரும் பாராட்டினார்கள். அதிலிருந்து ஒன்று நிரூபணமாகிவிட்டது: மனம் வைத்தால், வருஷக்கணக்கில் முடியாது என்று சொன்ன காரியம் நாள்கணக்கில் முடியும். பூஞ்சேரியில் முடிந்தது செஞ்சியில் ஏன் முடியாது? ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு சினிமா எடுக்க வேண்டுமா?

2023 நவம்பர் 15-ந் தேதி மத்திய சர்க்கார், மிகவும் நலிந்த பழங்குடிகள் 75 பிரிவினருக்காக 24,104 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. தமிழ்நாட்டின் இருளர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. வீடு, குடிநீர், சாலை, எல்லாம் உண்டு. ஆனால் அந்த விருந்தில் உட்கார வேண்டுமானால் வாசலில் சான்றிதழைக் காட்ட வேண்டும். இலை போட்டாயிற்று, சோறும் வடித்தாயிற்று. கதவை மட்டும் திறக்கமாட்டோம் என்றால், அது விருந்தா வேடிக்கையா?

நாகர்கள் தரும் பாடம்

பழங்குடியாரின் கலாச்சாரத்தைக் கொண்டாடிக்கொண்டே பழங்குடியாரைக் கைவிடுவது செஞ்சியில் மட்டும் நடப்பதல்ல. இந்தியாவின் வடகிழக்குக் கோடியில் இருக்கும் நாகாலாந்தைப் பாருங்கள்.

நாக மக்கள் மலை உச்சிகளில் கிராமம் கட்டி வாழ்ந்தவர்கள். செதுக்கிய மரத்தாலான ஊர் வாசல். ஒரே பெரிய மரத்தைக் குடைந்து செய்த முரசு. இளைஞர்கள் கூடிப் பாட்டும் கதையும் தொழிலும் கற்ற மொரங் என்னும் பொது வீடு. ஒவ்வொரு கிராமமும் தனக்குத்தானே அதிகாரம் செலுத்தியது. 1963 டிசம்பர் 1-ந் தேதி நாகாலாந்து தனி மாநிலமானது. அரசியல் சாசனத்தில் 371-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நாகர்களின் மத, சமூகப் பழக்கங்கள், வழக்காற்றுச் சட்டம் ஆகியவற்றோடு, நிலத்தின் உடைமையும் அதன் வளங்களும் அந்தப் பிரிவிலேயே ஒன்றாக வைக்கப்பட்டிருக்கின்றன. மாநிலச் சட்டமன்றம் ஒப்புக்கொள்ளாமல் இவற்றைப் பற்றிய பார்லிமெண்ட் சட்டம் எதுவும் அங்கே செல்லாது. போராடிய மக்கள் சாசனத்திலேயே எழுத வைத்த உண்மை அது: பழக்கமும் நிலமும் பிரிக்க முடியாதவை. நிலம் போனால் பழக்கம் மியூசியத்துக்குப் போகும்.

அதே நாகாலாந்தில் 2000-ம் ஆண்டு முதல் டிசம்பர் தோறும் ஹார்ன்பில் விழா நடக்கிறது. எல்லா நாக இனங்களின் ஆட்டமும் பாட்டும் சுற்றுலாக்காரர்கள் முன் அரங்கேறுகின்றன. 2021-ல் அந்த விழா நடந்துகொண்டிருக்கும்போதே, டிசம்பர் 4-ந் தேதி, மோன் மாவட்டத்தின் ஓட்டிங் கிராமத்தில், நிலக்கரிச் சுரங்க வேலை முடித்து வண்டியில் வீடு திரும்பிய நாகத் தொழிலாளர்கள் ஆறு பேரை இராணுவத்தின் விசேஷப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். தொடர்ந்து நடந்த மோதலில் மேலும் பல கிராமவாசிகள் மாண்டார்கள். 1958-ம் ஆண்டின் ஆயுதப் படைகள் விசேஷ அதிகாரச் சட்டம் அமலில் இருந்த பூமி அது. மேடையில் நாகருடைய ஈட்டியைக் கண்டு கை தட்டினார்கள். சாலையில் நாகருடைய முகத்தைக் கண்டு சுட்டார்கள். மாநில சர்க்கார் விழாவைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

நாகருக்குச் சாசனத்தில் ஒரு பிரிவாவது இருக்கிறது. செஞ்சி இருளருக்கு என்ன இருக்கிறது? சாசனத்தின் ஐந்தாவது அட்டவணைப்படி பழங்குடிப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட ஓர் அங்குல நிலம்கூடத் தமிழ்நாட்டில் கிடையாது. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் இங்கே 2008-ல் ஹைகோர்ட் இடைக்கால உத்தரவால் முடங்கி, 2016-ல் சுப்ரீம் கோர்ட் தடையை நீக்கிய பிறகுதான் மூச்சு விட்டது. காடும் இல்லை, ஊரும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் ஏரிக்கரை. அதுதான் இருளருக்கு வாய்த்த தேசம்.

நாம் கேட்பது என்ன?

வானத்து நட்சத்திரத்தைக் கேட்கவில்லை. சட்டத்தில் உள்ளதைக் கேட்கிறோம்.

சான்றிதழ் கேட்டு இருளர் ஆபீசுக்கு அலைய வேண்டாம். அதிகாரி குடியிருப்புக்கு வரட்டும். செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம் வட்டங்களில் குடியிருப்பு குடியிருப்பாக முகாம் போட்டு, உறவுமுறையை நேரில் விசாரித்து, கெடு குறித்துச் சான்றிதழ் வழங்கட்டும். பாம்பு, எலிக் கேள்விகள் அன்றோடு ஒழியட்டும்.

குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா வேண்டும். அது நீர்நிலைப் புறம்போக்காக இருந்தால், அதே பஞ்சாயத்து எல்லைக்குள் மாற்று மனையும் வீடும் கொடுக்காமல் ஒரு குடிசையையும் தொடக்கூடாது.

சூளைகளையும் அரிசி ஆலைகளையும் மரம் வெட்டும் இடங்களையும் முன்னறிவிப்பின்றிச் சோதனை செய்ய வேண்டும். மீட்கப்பட்டவருக்கு உடனே விடுதலைச் சான்றும் நிதியும் நிலமும் தர வேண்டும். முதலாளியின் வழக்கு எப்போது முடிந்தால் என்ன? அதற்காக ஏழையின் அடுப்பு அணைந்து கிடக்கக்கூடாது.

உலகப் பட்டம் பெற்ற கோட்டையில் இனி வேலைகள் பெருகும். காவல், பராமரிப்பு, செடிகொடி அகற்றுதல், பயணிகளுக்கு வழிகாட்டுதல் என்று எத்தனையோ இருக்கின்றன. அந்தக் குன்றுகளின் ஒவ்வொரு செடிக்கும் பெயர் தெரிந்த மக்கள் அடிவாரத்திலேயே இருக்கிறார்கள். அந்த வேலைகளில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு முதல் உரிமை கொடுங்கள். தினக்கூலியாக அல்ல, நிரந்தரச் சம்பளத்தோடு கொடுங்கள்.

கோட்டை மதிலில் ஒரு கல் பெயர்ந்தால் சட்டம் பாய்கிறது. 1921 முதல் தேசியச் சின்னம் என்ற காப்பு அதற்கு உண்டு. அதே கோட்டையின் நிழலில் ஓர் இருளர் குடிசை பெயர்க்கப்பட்டால் அது ஆக்கிரமிப்பு அகற்றம்! மன்னர் விட்டுப்போன கல்லைப் பாதுகாக்கத் தெரிந்த ராஜாங்கம், 1906-லேயே இங்கே இருந்தார்கள் என்று எழுதப்பட்ட மனிதர்களைப் பாதுகாக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அது தானாகக் கற்றுக்கொள்ளாது. கொத்தடிமைச் சட்டமும் சரி, வன உரிமைச் சட்டமும் சரி, நாகர்களின் 371-அ பிரிவும் சரி, எதுவும் தானமாக வந்ததில்லை. தட்டிக் கேட்டவர்களுக்கு வந்தது. இருளர் குடியிருப்புக்குப் பட்டா கேட்கும் மனுவில் ஊர்த் தெருவும் சேரியும் சேர்ந்து கையெழுத்துப் போடட்டும். அந்த மனுவோடு எல்லோரும் சேர்ந்து திண்டிவனத்துக்கு நடக்கட்டும். அப்போது "நீ இருளர்தானா?" என்ற கேள்வி அந்த ஆபீசில் எழாது.